38-சி அம்மாவுக்கு இன்னொரு போர்வை

"இன்னொரு போர்வை குடும்மா."

38-சி சீட்டில் இருந்த அம்மா கேட்டது அவ்வளவுதான். பம்பரம் ஓடிப்போய்ப் போர்வை அலமாரியை மறுபடியும் திறந்து பார்த்தாள். விமானத்தில் போர்வை தீர்ந்துபோய்ப் பத்து நிமிஷம் ஆகிறது.

பம்பரம் என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். அந்தப் பணிப்பெண் ஒரு இடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை.

வேறு யாராவது கேட்டிருந்தால், "சாரி, தீர்ந்துபோச்சு" என்று சிரித்துவிட்டு நகர்ந்திருப்பாள். ஆனால் விமானத்தின் கதவை மூடுகிற நேரத்தில் அவளுடைய ஆள் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்.

"எங்க வீட்லேர்ந்து உன் ஃபிளைட்ல வராங்க. 38-சி. உன்னப் பாத்துட்டுதான் கல்யாணத்துக்கு சரி சொல்வாங்களாம். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

உடனே போனை அணைக்க வேண்டியதாகிவிட்டது. யார் வருகிறார்கள் என்று கேட்கத் தேவையே இல்லை. குளியலறைக்கு என்ன சோப்பு என்பதைக்கூட அந்த வீட்டில் அம்மாதான் முடிவு செய்வார் என்று அவனே நூறு தடவை சொல்லியிருக்கிறான். அவன் காட்டிய ஒரே போட்டோவில் அம்மா பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தார். தெரிந்தது வாய் மட்டும்தான். 38-சி அம்மாவுக்கும் அதே கறார் வாய்.

பக்கத்து சீட்டில் ஒருவர் போர்வைக்குள் சுருண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க போர்வை வேணுமா?"

"வேணும்னுதானம்மா போத்தியிருக்கேன்?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, எடுத்துக்க."

இரண்டு போர்வைக்குள் போன அம்மா ஐந்தே நிமிஷத்தில் மணியை அமுக்கினார். "என்னம்மா இப்படி வேகுது? கொஞ்சம் காத்து வர வை."

பம்பரம் மேலே இருந்த காற்றுக் குமிழைத் திருகினாள். அது பேப்பர் சாரின் மொட்டைத் தலைக்கு நேராகத் திரும்பி அங்கேயே சிக்கிக்கொண்டது. அவர் ஒரு தும்மல் போட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அய்யோ, சாரி சார்!"

"பரவால்லம்மா. விளையாட்டுப் பக்கம் நல்லா கதகதன்னு இருக்கு."

அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அவங்களுக்கு மட்டும் ரெண்டு போர்வையா? நாங்க என்ன ஓசியிலயா வந்தோம்?"

டிங். டிங். டிங். முப்பத்தேழிலிருந்து நாற்பத்தொன்று வரைக்கும் எல்லா விளக்கும் எரிந்தது. அவர்கள் வாயை அடைக்க ஆளுக்கு இரண்டு ஜூஸ் கொடுத்தாள். ஜூஸ் குடித்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கழிப்பறை வாசலில் வரிசை கட்டினார்கள். அந்த வரிசையைத் தாண்டிச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளவே முடியவில்லை. எப்படியோ 38-சியை அடைந்தபோது கோழி தீர்ந்திருந்தது. பாஸ்தா மட்டும்தான் மிச்சம்.

"எனக்குக் கோழிதான் வேணும்."

பம்பரத்தின் கண் மெதுவாகப் பக்கத்து சீட்டுக்குப் போனது. பேப்பர் சார் கடைசிக் கோழிப் பெட்டியின் மூடியில் பாதியைத்தான் உரித்திருந்தார்.

"கோழியுமா?" என்றார் அவர்.

"பாஸ்தா ரொம்ப நல்லாருக்கும் சார்."

"நீ சாப்பிட்டுப் பாத்தியா?"

"இல்ல சார்."

"எனக்கு பன்னே போதும்மா."

கோழியை வாங்கிய அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே இல்ல" என்றார். உப்புப் பொட்டலத்தை எட்டிக் கொடுக்கும்போது பம்பரத்தின் முழங்கை இடித்துத் தக்காளி ஜூஸ் கவிழ்ந்தது. யார் சீட்டில் என்று சொல்லவும் வேண்டுமா?

"நான் கொஞ்ச நேரம் பின்னாடி நிக்கறேன்" என்று எழுந்தார் பேப்பர் சார். காலியான சீட்டில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அவருடைய தலையணையையும் அதன்மேல் வைத்து, "நீங்க கால நல்லா நீட்டிக்கோங்க" என்றாள் பம்பரம், அந்த அம்மாவிடம்.

வண்டியோடு திரும்பியவளை மூத்த பணிப்பெண் பிடித்துக்கொண்டாள். "அடியேய், முந்நூறு பேர் இருக்காங்க. அந்த ஒரு சீட்டையே சுத்தி வரியே, அங்க என்ன புதையலா?"

"புதையல்தான்க்கா. அப்புறம் சொல்றேன்."

பின்னால், காபி கலக்கும் மூலையில் பேப்பர் சார் சும்மா நிற்காமல் காகிதக் கோப்பைகளை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பரீட்ச எழுதற மாதிரி ஓடறியே?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "பரீட்சதான் சார். அவங்க என் வருங்கால மாமியார். இன்னிக்கு ஃபெயிலானா கல்யாணமே கெடையாது."

பேப்பர் சாருக்கு பன் தொண்டையில் சிக்கியது. அவள் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

"மாமனார் எப்படி?" என்று கேட்டார், இருமல் நின்றதும்.

"அவரப் பத்தி யாரும் பேசினதே இல்ல சார். போட்டோலகூட பாவம், ஓரத்துல அவரோட முழங்கை மட்டும்தான் விழுந்திருக்கு."

"பாவம்தான்" என்றார் அவர், இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டு.

விமானம் இறங்கியது. வாசலில் கைகூப்பி நின்ற பம்பரத்தின் முன் வந்து நின்றார் 38-சி அம்மா.

"ஏம்மா, பதினாலு மணி நேரத்துல பதினாறு தடவ எழுப்பி, 'சௌகரியமா இருக்கா'ன்னு கேட்டா மனுஷி எப்படித் தூங்கறது? கண்டிப்பா கம்ப்ளெயின்ட் எழுதப் போறேன்."

பம்பரத்துக்கு வாய் குழறியது. "மன்னிச்சுக்கோங்க அத்தை! அவர்கிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க!"

"அத்தையா? எவர்கிட்ட?"

"உங்க பையன்கிட்ட..."

"எனக்கு ரெண்டும் பொண்ணும்மா!" என்று அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பம்பரம் வாழ்க்கையில் முதல் தடவையாக அசையாமல் நின்றாள். கடைசி ஆளாக வந்துகொண்டிருந்தார் பேப்பர் சார். சட்டையில் தக்காளிக் கறை, காதில் போன்.

"ஆமாம்மா, எறங்கியாச்சு... பாத்துட்டேன். ஒரு அம்மா கேட்டாங்கன்னு என் 38-சி ஓர சீட்ட நான் மாத்திக் குடுத்தேன். மிச்சத்த எல்லாம் இவ புடுங்கிட்டா. போர்வை, கோழி, தலகாணி, கடைசில உக்காந்திருந்த எடத்தையும்... அட, அப்படியே உன்ன மாதிரியேதான். நம்ம வீட்டுக்குன்னே பொறந்தவ. பையன்கிட்ட சரின்னு சொல்லிடு."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, உறைந்து நின்ற பம்பரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த முழங்கை என்னோடதுதாம்மா."