மைனஸ் அளந்த ஜன்னல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது கௌரவம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் ஒருவன் தங்க நிறத்தில் ஸ்டிக்கர் விற்றுக்கொண்டிருந்தான். போன் முதுகில் ஒட்டினால் சிக்னல் இரண்டு மடங்காகும் என்றான். ஒன்று ஒட்டினால் இரண்டு மடங்கு, அப்போது மூன்று ஒட்டினால் எட்டு மடங்கு அல்லவா என்று மனக்கணக்குப் போட்டு, மூன்று வாங்கி ஒட்டிக்கொண்டேன். படிக்காதவன் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். அடியேன் முப்பத்தொரு வருஷம் ஸ்கூலில் பிசிக்ஸ் வாத்தியார்.

எட்டு மடங்கு என்ன, எட்டில் ஒரு பங்குகூட வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே பெட்டிக்கடை அகலத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. அங்கே கொண்டுபோய் நீட்டினேன். கடைக்காரர் போனைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். நகத்தால் மூன்று ஸ்டிக்கரையும் உரித்து, ஒவ்வொன்றாக என் சட்டைப் பையில் ஒட்டினார்.

"இனிமே உங்களுக்கு நல்லா சிக்னல் வரும் சார். போனுக்கு வராது."

அவர்தான் மைனஸ்.

இந்த பூமியில் சகலத்தையும் மைனஸில் அளந்த மனிதர் அவர் ஒருவர்தான்; இன்னொருவர் பிறக்கப் போவதும் இல்லை. கடை வைப்பதற்கு முன் ஏதோ செல்போன் கம்பெனிக்காக வேனில் ஊர் ஊராகச் சுற்றி, எந்தத் தெருவில் எவ்வளவு சிக்னல் என்று அளக்கிற வேலை பார்த்தவர். சிக்னலை மைனஸில்தான் அளப்பார்களாம். மைனஸ் எழுபது என்றால் ராஜபோகம். நூறு என்றால் இழுபறி. நூற்றுப் பத்தைத் தாண்டினால் சங்கு. அவர் வேலையை விட்டார். வேலை அவரை விடவில்லை. "சௌக்கியமா?" என்றால் "மைனஸ் எண்பத்தஞ்சு" என்பார். மன்னார்புரத்தில் அவர் சாப்பிடும் மெஸ்ஸின் சாம்பார் மைனஸ் தொண்ணூறு. கே.கே. நகரில் இருக்கும் மச்சினன்? "நூத்திப் பதினெட்டு சார். பக்கத்துல போய் நின்னாலும் லைன் கெடைக்காது."

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில்தான் அவர் குடியிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் இரண்டாவது மாடி. நாலு வருஷமாக ஒரே லிஃப்டில் போய் வந்திருக்கிறோம். நான் என் போனையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவரைப் பார்க்கவில்லை. அவரும் என் போனையே பார்த்துக்கொண்டிருந்ததால் என்னைப் பார்க்கவில்லை.

"இந்த ஓரத்துல கோடு கோடா இருக்கே, அது என்ன சார்?" என்று கேட்டார்.

"டிசைன்."

"டிசைனா! நீங்க என்ன வாத்தியார்னு சொன்னீங்க?"

எந்தப் பாடம் என்று நான் சொல்லியிருக்கவில்லை. தமிழ் என்று பொய் சொன்னேன்.

"சுத்தி இருக்கறது இரும்புச் சட்டம் மாதிரி. அந்தச் சட்டத்தையே துண்டு போட்டு ஆன்டெனாவா வெச்சிருக்கான். இந்தக் கோடுதான் ரெண்டு துண்டுக்கும் நடுவுல வரப்பு. நீங்க வரப்பு மேலயே கையை வெச்சு, சட்டினிக்குத் தேங்காயைப் புடிக்கற மாதிரி புடிக்கறீங்க. அது எப்படி மூச்சு விடும்? மனுஷ உடம்பு பூரா தண்ணி சார். தண்ணி சிக்னலைக் குடிச்சிரும்."

அவர் போன் பேசுவதைப் பார்க்க வேண்டும். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி இரண்டே விரலால் பிடித்து, காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு, டவர் இருக்கும் திசையில் தலையைக் கொடுக்காமல் பக்கவாட்டில் நடந்துகொண்டே பேசுவார். அபார்ட்மெண்ட் மீட்டிங்கில், கொஞ்சம் பருமனான எங்கள் செக்ரட்டரியைப் பார்த்து, "சார், நீங்க மட்டும் அஞ்சாறு டெசிபல் குடிக்கறீங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொன்னவர். செக்ரட்டரி ஒரு மாசம் அரிசியை நிறுத்திப் பார்த்தார். சிக்னல் ஏறவில்லை.

ஸ்டிக்கர் வாங்கி ஒட்டும் அளவுக்கு எனக்கு என்ன கேடு வந்தது என்று கேட்பீர்கள். வந்தது.

என் மனைவி பத்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு இரண்டு வருஷமாக டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள். என்னுடையது பொருந்தவில்லை. (முப்பத்தைந்து வருஷமாக எதுதான் பொருந்தியது என்றாள் அவள்.) மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பட்டியலில் பேர் பதிந்து காத்திருந்தோம். அவள் முறை கிட்டத்தில் வந்துவிட்டது என்று சொன்ன ஆஸ்பத்திரிப் பெண், கூடவே இன்னொன்றும் சொன்னாள்: "எந்த நேரமும் கூப்பிடுவோம் சார். உங்க ரெண்டு நம்பர்லயுமா மூணு தடவை அடிப்போம். எடுக்கலன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுருவோம். தப்பா நெனச்சுக்காதீங்க, அந்தக் கிட்னி காத்திருக்காது."

நான் தப்பாக நினைக்கவில்லை. தூங்குவதைத்தான் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டுக்குள் கதவைத் தாண்டியதும் போனில் ஒரு கோடுகூட நிற்காது. ராஜகோபுரம் மறைக்கிறது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை மைனஸிடம் சொன்னபோதுதான் முதல்முறையாக அவர் வாயில் எண் எதுவும் வரவில்லை. கடையை அப்படியே சாத்திவிட்டு, இரண்டு போனும் ஒரு டப்பா சாக்பீஸுமாக என்னோடு கிளம்பி வந்தார்.

"கோபுரத்தைக் குத்தம் சொல்லாதீங்க, பாவம் வரும். உங்க சுவத்துக்குள்ள இருக்கற கம்பி, மாடியில இருக்கற தண்ணி டேங்க், அதான் வில்லன்."

வாசற்படியிலிருந்து அங்குலம் அங்குலமாக அளந்தார். நல்ல இடத்தில் வட்டம், கெட்ட இடத்தில் பெருக்கல் குறி. மாடிப்படி, கார் நிறுத்தும் இடம் எல்லாம் அவர் கைவண்ணம் ஏற்கெனவே உண்டு: எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பதற்கு இரண்டு பாதங்களே வரைந்து வைத்திருப்பார். அந்த வருஷம் ஸ்ரீஜயந்திக்கு வீட்டுக்கு வீடு கிருஷ்ணர் பாதம் போட்டிருந்தார்கள். உறையூரிலிருந்து வந்த என் மைத்துனி, பகவான் பாதத்தைப் பின்பற்றி பக்தியோடு நடந்து, மோட்டார் ரூமுக்குள் போய் நின்றாள். உள்ளே மைனஸ் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "உள்ள வாங்க மேடம், இங்க எண்பத்திரண்டு" என்றாராம். அவள் அப்புறம் சீடைகூடச் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் பதினெட்டுப் பெருக்கல் குறி விழுந்தது. வட்டம் ஒன்றே ஒன்று, சமையலறை ஜன்னலில், தோசைக்கல் மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில். மைனஸ் தொண்ணூற்றேழு. தோசைக்கல்லை அப்புறப்படுத்தினார். பத்மாவின் பாத்திர ஸ்டாண்டை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கூடையை மாட்டி, எங்கள் இரண்டு போனையும் நிற்க வைத்தார்.

"மாமி, இந்தக் கூடைக்கிட்ட டம்ளர்கூட வைக்காதீங்க. சார், நீங்களும் பக்கத்துல நிக்காதீங்க."

"நான் என்ன பண்ணினேன்?"

"நீங்க தண்ணி."

அன்றிலிருந்து தினமும் காலை பதினொரு மணிக்குக் கடையிலிருந்து என் நம்பருக்கு அரை ரிங் கொடுப்பார். வந்தால் சரி. நான் அவரைவிடத் தீவிரம். வாட்ச்மேன் போனை வாங்கி, நாளைக்கு இருபது தடவை என் நம்பருக்கு நானே அடித்துப் பார்த்தேன். மைனஸ் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், போன் வருதா வருதான்னு நீங்களே லைன்ல நின்னா, வர்றவங்க எப்படி வருவாங்க?"

இருபது நாள் போயிற்று. போன் வரவில்லை. வங்கிக் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கூப்பிட்டாள்; நான் பாய்ந்த வேகத்தில் முழங்கை சுவரில் இடித்து, "வரோம்மா, உடனே வரோம்!" என்று அலறியதில் அவள் பயந்து வைத்துவிட்டாள். பத்மா எதற்கும் பதறுகிறவள் அல்ல. அவளே ஒருநாள் சாதம் பிசைந்துகொண்டே, "வராட்டாலும் பரவாயில்லைன்னா. நீங்க சித்த உக்காந்து சாப்பிடுங்கோ" என்றாள். அவள் நம்பிக்கையைக் கைவிட ஆரம்பித்துவிட்டாள் என்று தோன்றியது.

மறுநாள் காலை திருவாராதனப் பூஜைக்கு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் பெருமாள் எழுந்தருளியிருப்பது கோயிலாழ்வார் என்கிற பூஜைப் பெட்டியில். வெளியே தேக்கு, உள்ளே ஒரு விரற்கடை விடாமல் பித்தளைத் தகடு, கதவு இரண்டிலும் பித்தளை. மனுஷ யத்தனம் போதாது, இனி அவன் பொறுப்பு என்று மனசு உருகி, கூடையிலிருந்து போனை எடுத்துவந்து அவன் திருவடியில் வைத்தேன். ஒன்று வைத்தால் பக்தி குறைவு என்று பத்மாவுடையதையும் வைத்தேன். ஆராதனம் முடிந்ததும், கை பழக்கத்தில், திருக்காப்பு சாத்திவிட்டேன். அதாவது, இரண்டு பித்தளைக் கதவையும் மூடித் தாழ் போட்டேன்.

பித்தளைப் பெட்டிக்குள் மின்காந்த அலை நுழையாது என்று நான் முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். பரீட்சையில் எழுதாதவர்களுக்கு மார்க் குறைத்திருக்கிறேன்.

பதினொன்றரைக்கு வாசலில் யாரோ கதவை உடைத்தார்கள். மைனஸ். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. சத்திரத்திலிருந்து பாலத்தைத் தாண்டி மொபெட்டில் வந்த மூச்சு வாங்கியது.

"பதினோரு மணிக்கு அடிக்கறேன், தொடர்பு எல்லைக்கு வெளியேங்கறான். மாமி நம்பரும் அப்படியே. கூடையில போன் எங்க சார்?"

"பெருமாள்கிட்ட."

"எந்தப் பெருமாள்? கோயிலுக்கா போயிருக்கு?"

நான் கையைக் காட்டினேன். அவர் கோயிலாழ்வாரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பையன்கள்மேல் வீசியிருக்கிறேன். என்மேல் விழுந்தது அதுதான் முதல் தடவை. ஓடிவந்தவர் பூஜை அறை வாசலில் சட்டென்று நின்றுவிட்டார்.

"நான் குளிக்கல. தொடலாமா?"

உள்ளேயிருந்து பத்மா சொன்னாள்: "எடுங்கோ. பெருமாள் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்."

எடுத்து, சமையலறைக்கு ஓடி, கூடையில் நிறுத்தினார். மூன்று பேரும் கூடையிலிருந்து ஆறடி தள்ளி நின்றோம். அரை நிமிஷம் கழித்து என் போன் ஒருதரம் நடுங்கியது. மைனஸ் அடித்தது போக, தவறிய அழைப்பு இன்னொன்று என்று செய்தி. ஆஸ்பத்திரி நம்பர். பத்மா போனும் நடுங்கியது. அதே நம்பர்.

"ரெண்டாச்சு," என்றார் மைனஸ். குரல் அடிமட்டத்தில் இருந்தது.

திருப்பி அடிப்போம் என்றேன். அவர்கள் அடிக்கும்போது நம் லைன் பிஸியாக இருந்தால் என்ன செய்வது என்றார். அடிக்காமல் விட்டுவிட்டால் என்றேன். அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்த எல்லாப் பாசுரமும் மறந்துபோயிற்று. பத்மா மட்டும் ஸ்டவ்வில் பாலை இறக்கி வைத்தாள்.

அடித்தது.

நான் பாய்ந்து, தேங்காய் பிடிக்கிற பிடி பிடித்தேன். "ஹலோ... ச்... சார்... ரெண்டு... ச்ச்..." என்று உடைந்து உடைந்து வந்தது. மைனஸ் என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தார். ஒரு வாத்தியாரை அடித்துவிட்டோமே என்று அவர் வருத்தப்படவில்லை. போனைப் பிடுங்கிக் கூடையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். குரல் மணி மாதிரி வந்தது.

"ரெண்டு மணி நேரத்துல வர முடியுமா? தண்ணிகூடக் குடிக்காம வரணும்."

"வரேன்," என்றாள் பத்மா, நான் வாயைத் திறப்பதற்குள்.

ஆட்டோ பிடித்துக் கொடுத்ததும் மைனஸ்தான். கூட வாருங்கள் என்றேன். தலையை ஆட்டினார். "பதட்டத்துல உங்க போனைத் தொலைச்சிருவீங்க. மாமி நம்பர் அவங்ககிட்ட இருக்கில்ல? ஏதாவதுன்னா அதுக்கு அடிப்பாங்க. மாமி போனைக் குடுத்துட்டுப் போங்க, நான் ஜன்னல்லயே இருக்கேன். நீங்க கெளம்புங்க."

ஆஸ்பத்திரியில் பொருத்தம் பார்க்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. எங்களைப் போலவே இன்னொரு குடும்பத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். இவளுக்குப் பொருந்தாவிட்டால் அவர்களுக்கு. அவர்கள் முகத்தை நானும், என் முகத்தை அவர்களும் பார்க்காமலே உட்கார்ந்திருந்தோம். பத்மாவுக்குப் பொருந்தியது. அவர்கள் எழுந்து போகும்போது அந்தப் பெரியவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அதைப்பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் வெளியே வந்து, புதுச் சிறுநீரகம் ஆபரேஷன் டேபிளிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டது என்றார். உடனே பத்மா நம்பருக்கு அடித்தேன். அரை ரிங்கில் எடுத்தார். முந்தின நாளிலிருந்து அந்த ஜன்னலை விட்டு நகரவில்லையாம். வாட்ச்மேன் பின்னால் சொன்னான்.

"மைனஸ் சார்! வந்துடுத்து! யூரின் வந்துடுத்து!" என்று காரிடாரே அதிரக் கத்தினேன். ஒரு நர்ஸ் எனக்கு பாத்ரூம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

மறுபக்கம் சத்தமே இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்; லைன் இருந்தது. மறுபடி காதில் வைத்தேன். மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒன்று மட்டும் கேட்டது.

"ஹலோ? சார்? நான் பேசறது கேக்கறதா?"

"கேக்குது சார், வைங்க."