பதினான்காம் பக்கமும் பச்சைத் தண்ணீரும்

பாலிசியைக் கடைசிப் பக்கம்வரை படித்தவர் என்று ஓர் இனம் உண்டு. அபூர்வமான இனம் என்று நினைத்துவிடாதீர்கள். குவைத்தின் அப்பாசியாவில், லிஃப்ட் ஓடும் கட்டடத்தில் மாடிக்கு ஒருவர், ஓடாத கட்டடத்தில் மாடிக்கு இருவர். கண்டுபிடிப்பது சுலபம். வாஷிங் மெஷின் நின்றுவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். நாமெல்லாம் "அடடா" என்போம். இவர் "எந்த பிளான்?" என்பார்.

மூன்றாம் மாடி பத்மநாபன் இந்த இனத்தின் தலைமகன். கட்டுமானக் கம்பெனியில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர். காகிதம் என்றால் கை ஊறும். வீட்டு மின்சாதனங்கள் பழுதானால் சரிசெய்து தரும் காப்பீடு ஒன்றை எடுத்து, அதன் பதினெட்டுப் பக்கங்களையும் படித்து, கிடைக்கும் என்பதை மஞ்சளிலும் கிடைக்காது என்பதைச் சிவப்பிலும் கோடிட்டு, ஆங்கிலம் போதாதென்று அலுவலக எகிப்தியரைப் பிடித்து அரபியிலும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று சற்று ஏமாற்றத்தோடு அறிந்துகொண்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட்டுகளுக்கு மேலே வைத்திருந்தார். ஆம், மேலே.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், ஜனவரி இரண்டாம் தேதி, குளியலறை ஹீட்டர் செத்தது.

குவைத் என்றால் வெயில்தானே என்பீர்கள். ஜனவரி விடியலில் ஷவருக்குக் கீழே நின்றுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

"ஏங்க, கீழ எலக்ட்ரீஷியன் இருக்கான். அரைமணியில மாத்திடுவான். பொங்கல் வருது, தலைக்குக் குளிக்காம நான் அடுப்பு பத்தவைக்க மாட்டேன்" என்றாள் மனைவி பிரபாவதி.

"வெளியாள் கை வெச்சா கவர் போயிடும் பிரபா. பக்கம் ஒன்பது."

அன்று தொடங்கியது போர். உப்புப் படிந்து கெட்டிருந்தால் கவர் கிடையாது என்றது கம்பெனி. படிந்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், பக்கம் பதினொன்று என்றார் இவர். பிரபாவதி பிரியாணி தேக்சாவில் வெந்நீர் போட்டுத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம், காதில் போனோடு சுவரில் ஒண்டி வழிவிட்டார். உதவ ஆசைதான். ஆனால் லைனில் இருக்கிறாரே! காத்திருப்போருக்குக் கம்பெனி போடும் இசை அவருக்கு மனப்பாடமாகி, சாப்பிடும்போதுகூட முணுமுணுத்தார்.

பொங்கலுக்கு முதல் நாள் கம்பெனி பணிந்தது. ஆய்வுக்கு வந்தவர் கௌஸ் முகைதீன். கீழக்கரைக்காரர், ஒருநாளைக்குப் பத்து ஹீட்டர் பார்க்கிறவர். கழற்றினார், பார்த்தார், சிரித்தார்.

"காயில் போயிருச்சு சார். உப்பெல்லாம் ஒண்ணுமில்ல. கவர் ஆகும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, நாளைக்குக் காலையில புதுசு வந்துரும்."

ஜெயித்தாயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே? நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம். ஜெயித்தவருக்கோ பேச வேண்டும்.

"பாய், இந்த ஹீட்டர நான் வருஷம் பூரா யூஸ் பண்றேன் தெரியுமா? கோடையில மொட்டைமாடி டேங்க் தண்ணி கொதிக்குமில்ல? ஹீட்டர் சுவிட்ச அணைச்சுடுவேன். வீட்டு ஏசியில இதுக்குள்ள நிக்கிற தண்ணி ஆறிடும். நீலக் குழாயில வெந்நி, சிவப்புக் குழாயில ஜில்லு!"

கௌஸ் முகைதீனின் பேனா நின்றது. சுவரைப் பார்த்தார்.

"எல்லாரும் செய்றதுதான் சார். யாரும் சொல்றதில்ல. நானும் கேக்கலையே."

"இல்ல பாய், எழுதணும். உரிய நோக்கத்துக்கு அல்லாத வேறு பயன்பாட்டுக்குக் கவர் கிடையாது, பக்கம் பதினாலு. மறைச்சா அதுவும் தப்பு, பக்கம் மூணு. ஆனா தண்ணியை ஆறவைக்கறது வேறு பயன்பாடு ஆகாதுங்கறதுதான் என் வாதம். அதையும் சேர்த்து எழுதுங்க."

"சார், பொங்கலும் அதுவுமா எதுக்கு சார்?"

"எழுதுங்க பாய்!"

எழுதி, போனிலேயே அனுப்பினார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. பத்து நாள் இழுத்த கம்பெனி, மறுப்பதற்குப் பத்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கௌஸ் முகைதீனுக்கு மனசு கேட்கவில்லை. "வண்டியில நல்ல காயில் ஒண்ணு கிடக்கு சார். டூட்டி முடிச்சுட்டு வந்து மாட்டி வுட்டுர்றேன். அக்காவுக்காக."

"அப்பீல் போடப் போறேன் பாய். முடிவு வர்ற வரைக்கும் யாரும் அதத் தொடக் கூடாது. பக்கம்..."

"ஒன்பது" என்றது சமையலறை.

பொங்கலன்று காலை பிரபாவதி துண்டும் சீயக்காயுமாக இரண்டாம் மாடி சீதாலட்சுமி வீட்டுக்கு இறங்கிப் போனாள். "நீங்களும் வாங்க" என்றும் கூப்பிட்டாள். அடுத்த வீட்டு வெந்நீரில் குளித்தால், ஹீட்டரில்லாமல் அவதிப்பட்டேன் என்று அப்பீலில் எப்படி எழுதுவது? பத்மநாபன் பச்சைத் தண்ணீரில் நின்றார். அவர் போட்ட சத்தத்தில் சீதாலட்சுமி வீட்டுக்காரர், "மேல பொங்கிருச்சு போல" என்றார்.

திரும்பி வந்து தலைத்துண்டோடு அடுப்பைப் பற்றவைத்தாள் பிரபாவதி. பால் பொங்கியபோது பத்மநாபனுக்குக் கூவ வாய் வரவில்லை, பற்கள் தந்தியடித்தன. அவளே கூவினாள். கூவிவிட்டு, "அப்பீல் ஜெயிச்சா சொல்லுங்க. ஜூலையில ஜில்லுனு குளிச்சுக்கலாம்" என்றாள்.

சிரித்தீர்கள்தானே? சிரியுங்கள். ஆனால், 'என்ன இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, தண்ணீரை ஆறவைப்பது எப்படி வேறு பயன்பாடாகும்?' என்று நடுவில் ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியிருந்தால், தயவுசெய்து வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எழுந்து போய், தேக்சாவைத் தூக்க ஒரு கை கொடுங்கள்.