கிபாயத்துல்லா கடைக் குடல் குறித்து மருமகனுக்கு

மணமேல்குடி,
17-6-1957.

சிரஞ்சீவி ஆத்மநாதனுக்கு அத்தை சொர்ணம் ஆசி கூறி எழுதுவது. இங்கே பசுவும், இடது முழங்கால் நீங்கலாக நானும் நலம். அங்கே நீயும் உன் ஆராய்ச்சி முயல்களும் நலமா என்று கேட்பதுதான் முறை; ஆனால் முயல்களின் நலத்தை உன்னிடம் விசாரிப்பது நாகரிகமாகாது என்பதால் உன்னை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

இக்கடிதம் கிடைத்தவுடன் புறப்பட்டு, வியாழக்கிழமைக்குள் இங்கு வந்து சேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜமாஅத்தார் முன் நின்று நீ பேச வேண்டியிருக்கிறது. தவறினால் கசாப்புக் கடை கிபாயத்துல்லாவின் பிழைப்பு போய்விடும். அதற்கு நீதான் பொறுப்பு.

கோடை விடுமுறையில் பத்து நாள் என் சமையலறையை நீ ஆய்வுக்கூடமாக்கியது நினைவிருக்கும். ஆட்டின் சிறுகுடலில் ஒரு விரல் நீளம் நறுக்கி, உப்பும் சர்க்கரையும் கலந்த இளஞ்சூட்டு நீரில் தொங்கவிட்டு, ரப்பர் குழாயால் காற்று செலுத்தினால், மூளையோ முதுகுத்தண்டோ இல்லாமலே அது சுருங்கி விரியும் என்றாய்; குடல் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது, ‘பின்னால் இறுக்கு, முன்னால் தளர்த்து’ என்று அதுவே ஆணையிட்டு உணவை நகர்த்துகிறது, அந்த ஆணை போகும் வழியைத்தான் தேடுகிறேன் என்றாய்; குடலில் கட்டிய துரும்புகள், சுழலும் உருளையில் சுற்றிய புகையேற்றிய தாளில் கோடு கிழிப்பதைக் காட்டினாய். முப்பத்தோராண்டு கல்லூரியில் விலங்கியல் நடத்திய என்னிடம் இத்தனையையும் சொன்னாய், நானும் கேட்டுக்கொண்டேன். கடைசியில், பஸ்ஸில் உடைந்துவிடும் என்று உருளையையும் குவளைகளையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். அவற்றை நான் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

நீ ஊருக்குப் போன வாரத்தில், பக்கத்து வீட்டு சம்சுன் நிஹார் தன் மகளுக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் கேட்டு வந்தாள். தெர்மாமீட்டர் குடலோடு குவளைக்குள் கிடந்தது. நான் தடுப்பதற்குள் அவள் சமையலறைக்குள் வந்துவிட்டாள்.

“என்ன டீச்சரம்மா இது, நாக்குப்பூச்சியா?”

“ஆட்டுக் குடல்.”

“ஆடு எங்க?”

“குழம்பில்.”

“ஆடு கொழம்புல கெடக்கு, கொடலு இங்கிட்டு நெளியுதாக்கும். யாரு கடையில வாங்குனது?”

ஆய்வுப் பொருளின் மூலத்தை மறைக்காமல் குறிப்பிடுவது அறிவியலின் முதல் ஒழுக்கம் என்று மாணவிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் ஆகையால், “கிபாயத்துல்லா கடையில்” என்று சொல்லிவிட்டேன். அவள் தெர்மாமீட்டரை வாங்காமலே போய்விட்டாள். அன்று மாலைக்குள், கிபாயத்துல்லா உயிர் போகும் முன்பே ஆட்டை உரித்துவிடுகிறான் என்று பேச்சாகிவிட்டது. சனிக்கிழமை அவன் கடை ஈரல் சட்டிக்குள் நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தொடைக்கறி மூடியைத் தள்ளியது. அதற்கு அடுத்த நாள் கடைக்கு யாருமே வரவில்லை. அறுப்பு முறைப்படி நடந்ததா என்பது அவர்களுக்கு உண்ணும் கறியின் அடிப்படை. அதில் சந்தேகம் விழுந்துவிட்டால் கறியில் என்ன மிச்சம் இருக்கிறது? வரும் ஞாயிறு ஊர்ப் பெரியவர் முகமது இப்ராஹிம் மரைக்காயரின் மகளுக்கு நிக்காஹ். விருந்துக்குச் சொல்லியிருந்த பன்னிரண்டு ஆட்டையும் வேறு ஊர்க் கடையில் அறுத்துக்கொள்வதாக மரைக்காயர் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வீடே கைவிட்ட கடையில் பிறகு யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

கிபாயத்துல்லா என்னிடம் வந்து உட்காராமல் நின்றான். கரும்பலகையில் குடலை வரைந்து, இரண்டு தசை அடுக்கு, நடுவே நரம்பு வலை என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

“நரம்பு அதுக்குள்ளயே இருக்குன்னு சொல்றீங்க. நம்புறேன் டீச்சரம்மா. நான் நம்பி என்ன செய்ய? எங் கடையில நானா கறி வாங்கப் போறேன்? மரைக்காயரில்ல நம்பணும்.”

மரைக்காயர் வீட்டுக்குக் குடையை எடுத்துக்கொண்டு போனேன். தேநீர் கொடுத்து மரியாதையாகக் கேட்டார்.

“மூளைக்குத் தெரியாமலே கொடலு வேலை பாக்குதுங்கிறீங்க.”

“ஆமாம்.”

“எங்க சம்பந்தி வீட்லயும் அப்படித்தான் நடக்குது, அவருக்குத் தெரியாமலே எல்லாம் முடிஞ்சிரும். அது கெடக்கட்டும். இந்த வேலையச் செஞ்சது யாரு?”

“என் மருமகன். சென்னையில் ஆராய்ச்சி செய்கிறான்.”

“அப்ப செஞ்ச ஆளு வந்து, எப்ப வாங்குனாரு, எப்படிச் செஞ்சாருன்னு எல்லாரும் கேக்கச் சொல்லட்டும். வெள்ளிக்கெழமை வரைக்கும் பாக்குறேன். எனக்கும் கிபாயத்துல்லா மேல ஒரு கோவமும் இல்ல.”

நியாயமான கோரிக்கை. ஆகவே நீ வா. ஜமாஅத்தார் முன் நரம்பணு, வேதிப்பொருள் என்று ஆரம்பிக்காதே. செய்ததைச் செய்தபடி சொல். திரும்பிப் போகும்போது உன் உருளை, குவளை, குழாய் அனைத்தையும் எடுத்துக்கொண்டு போ. இனி எந்தப் பிராணியின் எந்த உறுப்பும் குழம்புக்கு அல்லாத காரியத்துக்காக இந்த வீட்டுக்குள் வரக் கூடாது.

நீண்ட ஆயுளும், கொஞ்சம் முன்யோசனையும் பெற்று வாழ்வாயாக. உன் தாய்க்கு என் அன்பு.

இப்படிக்கு,
அத்தை சொர்ணம்.

பி.கு. 18-6-1957. ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நீ வர வேண்டாம். இன்று காலை தபாலில் சேர்க்கப் புறப்பட்டபோது வாசலில் சம்சுன் நிஹார், “ஒங்க மருமகன் செவ்வாக்கெழமையே பஸ் ஏறிட்டாரே டீச்சரம்மா, நான் பாத்தது வியாழக்கெழமையில்ல?” என்றாள். நீயும் அதற்குள் கணக்குப் போட்டிருப்பாய். குவளையில் தொங்கும் குடல் இரண்டு நாள் ஆடாது. சற்றுத் தள்ளி கிபாயத்துல்லா நின்றுகொண்டிருந்தான். அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நேரே மரைக்காயர் வீட்டுக்குப் போய், அங்கிருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் முன்னிலையில், செய்த ஆள் நான்தான் என்று சொன்னேன். ஹஜ்ரத் ஒரே கேள்வி கேட்டார்: “முறையா அறுத்து, ஆடு அடங்குன பொறகு எடுத்த கொடலுதானே?” ஆமாம், எதிரில் நின்று நானே பார்த்து வாங்கினேன் என்றேன். “அப்பறம் அது ஆடுனா என்ன, பாடுனா என்ன?” என்று எழுந்துவிட்டார். என் முக்கால் மணி நேர விளக்கத்தில் இவ்வளவு தெளிவு இல்லை. பன்னிரண்டு ஆடும் மறுபடி கிபாயத்துல்லாவுக்கே. மரைக்காயர் மட்டும், “இத முன்னாலயே சொல்லியிருக்கலாமே” என்றார். சொல்லியிருக்கலாம்.

உருளையையும் கொண்டுபோக வேண்டாம். குடலைக் கிள்ளிய இடத்துக்குப் பின்னால் இறுக்கம், முன்னால் தளர்ச்சி, இரண்டும் ஒரே தாளில், பத்து நாள் உனக்குப் பிடிபடாத அந்தக் கோடு வியாழக்கிழமை பத்தேகால் மணிக்கு எனக்குக் கிடைத்தது. தாளை அரக்கு பூசி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். செய்த ஆள் நான்தான் என்று ஊரறிய ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஆகவே கட்டுரையில் என் பெயர் முதலில் வரட்டும்.