ஏற்றப்படாத பென்டிரைவ்

ஒரு காட்டில், அதுவும் போன மழைக்காலத்தில்தான் கணினிமயமான காட்டில், மரகதம் என்றொரு முயல் இருந்தது. அதன் வளையை ஒரு நரி பிடுங்கிக்கொண்டது. குட்டிகள் மழையில் புதரடியில் நடுங்கின. ஆனாலும் மரகதம் விவரமானது. நரி குட்டிகளை இழுத்து வெளியே போட்டதைச் செல்போனில் படம் பிடித்துப் பென்டிரைவில் போட்டுவைத்தது. அப்புறம் நரி போனை மிதித்து உடைத்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே சாட்சியான பென்டிரைவோடு மரகதம் சிங்கத்தின் சபைக்கு ஓடியது.

சபைக் கணினியில் இருந்தது கட்டற்ற மென்பொருள். காசும் கிடையாது, தமிழிலும் பேசும் என்பதால் சிங்கத்துக்கு அதில் தனிப் பெருமை. பென்டிரைவைச் செருகியதும் திரையில் எழுத்து வந்தது: "சாதனம் ஏற்றப்படவில்லை."

டவாலி யானைக்கு அது நன்றாகவே புரிந்தது. கணினியோடு பென்டிரைவைத் தூக்கிப் பாறை உச்சியில் ஏற்றியது. அங்கேயும் அதே எழுத்து. பூசாரிக் குரங்கோ, ஏற்ற வேண்டியது விளக்கைத்தான் என்று அகல் ஒன்றைக் கொளுத்திப் பென்டிரைவ் பக்கம் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் உருகிவிடும் என்று மரகதம் காலைப் பிடித்துக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

பிறகு கட்டற்ற மென்பொருள் அன்பர் குழு வந்து சேர்ந்தது. தலைவர் ஆந்தை எடுத்த எடுப்பிலேயே கையேட்டைப் படித்தாயா என்று கேட்டது. பாதுகாப்பாக நீக்காமல் வெடுக்கென்று உருவியிருப்பாய், தப்பு உன்மேல்தான் என்றது. கரடி, தன் குகைக் கணினியில் இப்படி ஒருநாளும் வந்ததில்லை என்று சொல்லிவிட்டு, உதவி செய்துவிட்ட திருப்தியில் உட்கார்ந்துகொண்டது. காட்டெருமைக்கு வேறு கவலை. 'மவுண்ட்' என்பதற்கு 'ஏற்று' என்பதே தவறான கலைச்சொல், 'பொருத்து' என்றுதான் இருக்க வேண்டும் என்றது. ஆந்தை விடவில்லை. பொழுது சாயும்வரை சபை இரண்டுபட்டுக் கிடந்தது. விசாரணைக்கு வந்திருந்த நரியும் ஆர்வமாகக் கலந்துகொண்டு 'பொருத்து' பக்கம் பேசியது.

மரகதத்துக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, பேரு என்னவா வேணா இருக்கட்டும். என் புள்ளைங்க நனையுது. திறந்து மட்டும் குடுங்க."

ஆந்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. கறுப்புத் திரையில் கட்டளை ஒன்றைத் தட்டியது. உறுதிதானா என்று கணினி கேட்டது. மரகதத்தை ஒரு வார்த்தை கேட்காமல் ஆந்தை ஆமாம் என்றது. பென்டிரைவ் பளிச்சென்று திறந்துகொண்டது. அன்பர் குழு கைதட்டியது.

"உள்ள ஒண்ணுமே இல்லையேண்ணே," என்றது மரகதம்.

"ஃபார்மட் பண்ணினா அப்படித்தாம்மா இருக்கும். இப்ப பிழை ஏதாவது வருதா, பாரு," என்றது ஆந்தை.

சிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெற்றுத் திரையை மேலும் கீழும் உற்றுப் பார்த்தது. "சாட்சியை முழுசாப் பார்த்தாச்சு. இதுல நரி எங்கேயும் தென்படலை. வளை நரிக்கே."

நரி அன்றைக்கே அன்பர் குழுவில் உறுப்பினராகச் சேர்ந்தது. மரகதம் நனைந்த குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வேறு காடு தேடிப் போனது.

நீதி: குற்றம் செய்யும்போது யாராவது படம் பிடித்துவிட்டால் பதற வேண்டாம். அதைத் திறந்து காட்ட நிபுணர்கள் வருவார்கள்.