வாய் உண்டு, காது இல்லாத ஆன்டெனா

ராப் தீவு, செப்டம்பர் 27

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் விட்டோமிர் அவர்களுக்கு,

ஃபிரானே எழுதுவது. நானும் உமது அக்காள் ஸோர்க்காவும் நலம். ரியெக்காவில் நீரும் நலமாக இருக்க வேண்டும். இருந்தால்தானே உம்மைத் திட்ட முடியும்.

என் படகு ரேடியோவுக்கு நீர் வாங்கி அனுப்பிய ஆன்டெனா பற்றித்தான் இந்தக் கடிதம். "மச்சான், நீளம் கூடினா தூரம் கூடும்" என்றீர். ஐந்து மீட்டர் படகுக்கு இரண்டரை மீட்டர் ஆன்டெனா வந்து இறங்கியது. கேபின் கூரையில் துளை போட்டு நிறுத்தினேன். ஆன்டெனா நின்றது, மழை உள்ளே வந்தது. பிறகு உயரம்தான் முக்கியம் என்று பாய்மர உச்சியில் கட்டினேன். இறங்கும்போது முழங்கால் சிராய்ந்தது. சின்னப் படகு ஆடுகிற ஆட்டத்துக்கு நீளமானது ஆகாது, பேச்சு பாதி வானத்துக்கும் பாதி மீனுக்கும் போய்விடும் என்றார்கள் துறைமுகத்து ஆட்கள். சரியென்று குட்டையாக ஒன்றை நானே வாங்கி மாட்டினேன். அதுவும் செவிடு. உம்முடையதிடமிருந்து ஒட்டிக்கொண்டது போலும்.

செவிடு என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? தினமும் மாலை ஐந்து மணிக்குப் படகிலிருந்து கூப்பிடுகிறேன். ஸோர்க்கா சமையலறையில் இன்னொரு ரேடியோவோடு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குப் போனால், "நீங்க இருமினதுகூடக் கேட்டுது. பதிலும் சொன்னேனே" என்கிறாள். எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை. வாய் இருக்கிறது, காது இல்லை. இப்படியும் ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குவீரா?

போன மார்ச்சில் வாடைக்காற்றில் இன்ஜின் நின்று ஆறு மணி நேரம் மிதந்தேனே, அன்று அவள் அலைதடுப்புச் சுவரில்தான் நின்றாள். எதிர்க்கரை வெலெபித் மலைமேல் மேகம் இறங்கினால் பின்னாலேயே வாடைக்காற்று வரும்; அது கடலில் இருக்கும் எனக்குத் தெரிவதற்கு முன்பே ஜன்னலில் இருக்கும் அவளுக்குத் தெரிந்துவிடும். அன்றும் தெரிந்திருக்கிறது; அந்தப் பக்கம் செல்போன் எடுக்காது. திரும்பி வந்தபோது அவள் கத்தவில்லை. "நீங்க பேசறது எனக்குக் கேட்டா பத்தாது. நான் திரும்பி வாங்கன்னா உங்களுக்குக் கேக்கணும். செப்டம்பர் முடியறதுக்குள்ள கேக்கலைன்னா படகை வித்துடுங்க" என்றாள்.

இன்னும் மூன்று நாள். முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான். படகை விற்க மனம் வரவில்லை மச்சான். அவளை மறுபடி அந்த அலைதடுப்புச் சுவரில் நிறுத்தவும் மனம் வரவில்லை. சனிக்கிழமைக் கப்பலில் காது உள்ள ஆன்டெனாவாகப் பார்த்து அனுப்பும்.

உமக்கும் பிள்ளைகளுக்கும் புனித நிக்கோலா துணையிருக்கட்டும். ஆன்டெனா விற்றவனுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
ஃபிரானே

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்காதீர். நேற்று உறையை ஒட்டுவதற்குள் ஸோர்க்கா பொரித்த நெத்திலியோடு படகுக்கு வந்தாள். ஆன்டெனாவின் செவிட்டுத்தனத்தை நிரூபிக்க, ரேடியோவில் பேசிக் காட்டினேன். அவள் ஆன்டெனாவைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"பேசி முடிச்சாச்சு இல்ல? இன்னும் ஏன் பொத்தானை அமுக்கிட்டே இருக்கீங்க? அதை விட்டாத்தானே அடுத்தவங்க பேசறது கேக்கும்?"

விட்டேன். உடனே துறைமுக அலுவலகக்காரரின் குரல் வந்தது: "அப்பாடா. மூணு வாரமா அஞ்சு மணிக்கு இந்தப் பக்கம் யாராலயும் வாயைத் திறக்க முடியல, ஃபிரானே. ஆனா மைத்துனரைத் திட்டினீங்களே, அது நல்லா இருந்துச்சு."

இன்று காலை கடலுக்குப் போனேன். பத்து மணிக்கு ரேடியோவில் ஸோர்க்கா: "மலைமேல மேகம் இறங்குது. திரும்பி வாங்க."

என் தலைக்கு மேல் வானம் தெளிவாகத்தான் இருந்தது. அதைச் சொல்லலாம் என்று பொத்தானில் விரல் வைத்தேன். பிறகு விரலை எடுத்துவிட்டுப் படகைத் திருப்பினேன்.