பித்தளைப் பானைமுன் நான் ஆற்றிய உரை

மேடையில் நான் தோற்றதே இல்லை என்பது என் நெடுநாள் பெருமை. தரையில் ஒருமுறை தோற்றேன். அதுவும் ஒரு பானையிடம்.

வண்டன்மேட்டுக்கு அருகே, லயத்து வரிசை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்த பன்னிரண்டு தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் புதுக் குடியிருப்பு எழும்பியது. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. கூரையில் சூரியத் தகடுகள். குளிக்க வெயிலிலேயே காயும் வெந்நீர். சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு. விறகடுப்பும் வேண்டும் என்று பெண்கள் கேட்டபோது, கூட்டத்தில் எழுந்து முக்கால் மணி நேரம் முழங்கியவன் நான்.

"புகையையா நம் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்வோம்?" என்றேன். கைதட்டினார்கள். (குளிருக்குக் கைகளை உரசியிருக்கவும் கூடும்.)

"மொதல்ல உங்க வீட்டுல பால் பொங்கட்டும் தம்பி. பாத்துட்டுத்தான் நாங்க குடி வருவோம்," என்றார் அண்டை வீட்டுச் செல்வி அக்கா. மற்றவர்களும் அதையே சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் குடிபுகுந்த அன்று, நல்ல நேரம் முடியும் காலை ஏழரைக்குள் பால் பொங்கியாக வேண்டும். அம்மாவின் பிறந்த வீட்டுச் சீராக, மாமா கம்பத்திலிருந்து புதுப் பித்தளைப் பானை கொண்டுவந்திருந்தார். அம்மா அதில் பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றினார். நான் பொத்தானை அழுத்திவிட்டு, கூடியிருந்தோரை நோக்கித் திரும்பினேன்.

"காடுகளை எரித்து வாழ்ந்த காலம் இத்துடன் முடிகிறது!"

அடுப்பு 'பீப்' என்றது. குரலை உயர்த்தினேன். மீண்டும் 'பீப்'. அதையும் ஆமோதிப்பாகவே எடுத்துக்கொண்டேன். மணி ஏழே கால்.

மாமா பானைக்குள் விரலை விட்டார்.

"மாப்ளே, பாலு ஐஸு மாதிரி கெடக்குடா!"

அடுப்பைத் தட்டினேன், துடைத்தேன், கும்பிடவும் செய்தேன்.

"இந்த அடுப்புல பித்தளை சூடாகாதுன்னு அட்டைப்பெட்டியிலயே போட்டிருக்கே தம்பி, படிக்கலயா?" என்றார் செல்வி அக்கா.

முக்கால் மணி நேரம் முழங்கத் தெரிந்தவன், அட்டைப்பெட்டியில் ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை.

"குக்கருக்கு மாத்திரலாமாம்மா?"

"எங்கண்ணன் சீரை எறக்கி வச்சிட்டுக் குக்கர்லயா? வாய மூடிட்டு வழிய விடுறா!"

அம்மா பானையோடு வாசலுக்கு நடந்தார். கொத்தனார் விட்டுச்சென்ற மூன்று செங்கல், கொஞ்சம் பலகைத் துண்டு. ஏழரைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பால் பொங்கியது, குலவை எழுந்தது. புகையில்லாக் குடியிருப்பின் முதல் புகை, அதற்காகப் பிரசாரம் செய்தவன் வாசலிலிருந்தே கிளம்பியது.

மற்ற பதினொரு குடும்பங்களும் குடிவந்தன. பால் மட்டும் வாசலில், செங்கல்மேல். மறுவேளை முதல் சமையல் உள்ளே, புகையின்றி. என் உரை சாதிக்காததை அம்மாவின் மூன்று செங்கல் சாதித்தது.

இன்றும் உறவினர் திருமணங்களில் நான் ஒலிவாங்கியைத் தொட்டதும், முன்வரிசையிலிருந்து மாமாவின் குரல் வந்துவிடும்: "மாப்ளே, பாலைத் தொட்டுப் பாத்துட்டுப் பேசு!"

மண்டபம் சிரித்து ஓயும்வரை காத்திருந்த பிறகே, "அவையோரே!" என்று என்னால் தொடங்க முடிகிறது.