வராத அணியை வென்ற வரலாறு

நாட்டின் கிரிக்கெட் அணிக்குப் பொன்விழா ஆண்டு நெருங்குவதை முன்னிட்டு, அணியின் வரலாற்றை அதிகாரபூர்வமாக எழுதி வெளியிடுவதென்று வாரியம் தீர்மானித்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வாரியத்தில் யாருக்கும் அந்த வரலாறு தெரியாததால் எதிர்ப்பு எழ வழியில்லை.

எழுதும் பொறுப்பு, குடிநீர் அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கப்பட்ட ஒருவர் தலையில் விழுந்தது. அவரை எல்லோரும் 'அறிக்கை' என்றே கூப்பிடுவார்கள். தற்காலிக ஊழியராகச் சேர்ந்து, தற்காலிகமாகவே தலை நரைத்தவர். குழாயில் வெறும் காற்று வந்த வருஷத்தில், "குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளது" என்று ஆண்டறிக்கை எழுதிய கை அவருடையது.

"புத்தகம் நல்லா வந்தா உங்களைப் பெர்மனென்ட் பண்ணிடலாம்" என்றார் வாரியச் செயலாளர்.

இதே வாக்கியத்தை இதற்கு முன் குடிநீர் அலுவலகத்தில் பல அதிகாரிகள் சொல்லிவிட்டு ஓய்வு பெற்றுப் போயிருக்கிறார்கள். இருந்தும் அறிக்கை அன்றைக்கே புதுப் பேனா வாங்கினார். ஆசை யாரை விட்டது.

அணியின் வேகப்பந்து வீச்சாளன் வேறு அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. குடும்ப கௌரவமும் புத்தகத்துக்குள் மாட்டிக்கொண்டது.

ஒரு மாதம் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிவிட்டுச் செயலாளர் முன்னால் போய் நின்றார்.

"சார், ஆடின எல்லா மேட்சும் தோத்திருக்கோம்."

"தோத்தோம்னு போடாதீங்க. எதிரணி ஜெயிச்சதுன்னு போடுங்க. அது அவங்க பாடு. பொற்காலம் எது?"

"பொற்காலமா?"

"வரலாறுன்னா பொற்காலம் இருக்கணும்யா. அது இல்லாம அச்சடிக்க விதியில இடம் இல்ல."

அறிக்கை திரும்பிப் போய்த் தேடினார். கடைசியில் கிடைத்தது. எந்தக் காலத்திலோ ஓர் எதிரணி, விமானம் கிளம்பாததால் வந்து சேரவில்லை. நம்முடைய அணி மைதானத்தில் வரிசையாக நின்றது, வென்றதாக நடுவர் அறிவித்தார், எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆடாமல் ஜெயித்த அந்த ஒன்றுதான் மொத்த வரலாற்றிலும் வெற்றி.

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு கேட்ச் விடல. ஒருத்தன் அவுட் ஆகல. எதிரிக்கு ஒரு ரன்னு கொடுக்கல. இந்த மாதிரி ஆட்டம் இனி யார் ஆடப் போறா?"

விளையாட்டு அமைச்சர் அந்த அத்தியாயத்தைக் கையெழுத்துப் பிரதியிலேயே படித்தார். படித்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பொற்காலத்தை உடனே மீட்டெடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

எதிரணியை அழைக்கவும் வேண்டும், அது வராமலும் இருக்க வேண்டும். மற்ற நாடாக இருந்தால் திணறியிருக்கும். வர நினைக்கிறவரை வரவிடாமல் செய்வது நம் அலுவலகங்களுக்குக் கைவந்த கலை. வாரியம் அன்போடு அழைப்பு அனுப்பியது. விசா அலுவலகம் புகைப்படத்தில் காது தெரியவில்லை என்றது. காது தெரிகிற படம் வந்தால், அது அவருடைய காதுதான் என்பதற்குச் சான்று கேட்டது. சான்றும் வந்தால், முதலில் கொடுத்த படத்தில் காதை ஏன் மறைத்தீர்கள் என்று விளக்கம் கேட்டது.

ஒருவனும் வரவில்லை. அணி வென்றுகொண்டே போனது. மைதானம் நிரம்பி வழிந்தது. பதினோரு பேரும் வந்து நிற்பார்கள், கேப்டன் எதிரே இல்லாதவரோடு கைகுலுக்குவார், காசைச் சுண்டுவார், வென்றுவிடுவார். நேர்முக வர்ணனையாளர், "எதிரணியின் வராமையில் இன்று நல்ல நிதானம் தெரிந்தது" என்று அலசுவார். அம்மாமார்கள் பிள்ளைகளைப் பயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள். "எங்க பொண்ணுக்குக் கைகுலுக்கறது தானாவே வருது. காசு சுண்டறதுலதான் கொஞ்சம் வீக்" என்று கவலைப்பட்டுக்கொண்டார்கள். சலவைக்குப் போடவே தேவைப்படாத வெள்ளைச் சட்டை இளைஞர்களிடையே நாகரிகமாயிற்று. அழுக்கு லேசாக ஒட்டியிருந்தாலும், அந்தப் பையன் எங்கேயோ உழைத்துவிட்டான் என்று பெண் கொடுக்க யோசித்தார்கள்.

மச்சினன் மட்டும் துரும்பாக இளைத்துக்கொண்டு வந்தான்.

"அத்தான், நான் பந்து போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஜெயிச்சுட்டுத்தானேடா இருக்கே?"

"ஜெயிக்கிறேன். ஒரே ஒரு தடவை விளையாடிப் பாக்கணும் போல இருக்கு."

"நல்லா கேட்டேடா" என்றாள் அக்கா, சோற்றைப் பரிமாறிக்கொண்டே. "வேலை செஞ்சுதான் சம்பளம் வாங்கணும்னா உங்க அத்தான் ஆபீஸ்ல பாதிப் பேர் பட்டினி கிடக்கணும்."

பொன்விழா ஆட்டம் நெருங்கிய சமயத்தில் அந்த அநியாயம் நடந்தது. விசா அதிகாரி பல் பிடுங்க லீவு போட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் வேலைக்குப் புதிது. கோப்பு வந்தால் கையெழுத்துப் போட வேண்டும் என்று யாரோ அவருக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்த அன்றைக்கே போட்டுவிட்டார்.

விழா நாளன்று மைதானத்து வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து மட்டைகளோடு ஆட்கள் இறங்கினார்கள்.

"யாருய்யா இவங்க?" என்றார் செயலாளர்.

"எதிரணி சார்."

"எதுக்கு வந்திருக்காங்க?"

"விளையாட."

செயலாளர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "தவிர்க்க முடியாத காரணத்தால், அதாவது எதிரணி வந்துவிட்டதால், இன்றைய ஆட்டம் ரத்து செய்யப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தது. "லீவு போட்டுட்டு வந்தேன். பாவிங்க, வந்து கெடுத்துட்டாங்க." அமைச்சரும் கிளம்பினார். தொலைக்காட்சியில் போன வருஷத்து வெற்றியை மறுபடி போட்டார்கள்.

வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வந்ததுதான் வந்துவிட்டோம், ஆடிவிட்டுப் போகிறோமே என்றார்கள். நடுவர்களுக்கும் வீட்டில் வேலையில்லை. காலி மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது.

மச்சினன் ஓடி வந்தான். முதல் பந்து விக்கெட் கீப்பர் தலைக்கு மேலே பறந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது. அடுத்த பந்தில் நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது. அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. பார்க்க ஆளில்லாததால் பயமும் இல்லாமல் மற்றவர்களும் வெளுத்து வாங்கினார்கள். அணி வென்றது. இந்தத் தடவை நிஜமாகவே வென்றது.

அத்தனை நாற்காலிகளுக்கு நடுவில் அறிக்கை ஒருத்தர்தான் உட்கார்ந்திருந்தார். நடக்காததையே எழுதிப் பழகியவருக்குக் கண்முன்னால் ஒன்று நடப்பது தாங்கவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தினார். அழுகையும் வந்தது.

விருந்தாளிகள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். ரத்து என்று அவர்களுடைய வாரியத்துக்கும் தகவல் போய்விட்டதால், அங்கேயும் இதை ஆட்டமாக ஏற்கவில்லை.

"அத்தான், இதை எழுதுவீங்கல்ல?" என்றான் மச்சினன், பந்தைச் சட்டையில் தேய்த்தபடி.

"எழுதினா என் வேலை போயிடும்டா."

"சரி, விடுங்க" என்றான். கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த "விடுங்க" அறிக்கையைத் தூங்கவிடவில்லை. புத்தகம் அச்சுக்குப் போகும் அன்று, யாரிடமும் காட்டாமல், கடைசிப் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிச் சேர்த்துவிட்டார்.

புத்தகம் வெளிவந்தது. நாடே கொதித்தது. "வராத அணிகளை நாம் வென்றதை நேரில் பார்த்திருக்கிறோம், அதில் சந்தேகமில்லை" என்று வாசகர்கள் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். "வந்த அணியையும் ஆடி வென்றோம் என்கிறாரே, புளுகுக்கும் ஓர் அளவு வேண்டாமா?"

செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அறிக்கை மேஜையைக் காலிசெய்து, பையை எடுத்துக்கொண்டு போகத் தயாராக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

"கடைசிப் பக்கம் யார் கற்பனை?"

"கற்பனை இல்ல சார். நடந்தது. நான் பார்த்தேன்."

செயலாளர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "என்கிட்டயே முகம் மாறாம சொல்றீங்களே! மத்த பக்கத்தையெல்லாம் யார் வேணா எழுதிடலாம்யா. இப்படி ஒரு புளுகு எல்லாருக்கும் வராது. உங்களை வெளியில விட்டா நாட்டுக்கு நஷ்டம்." அங்கேயே பெர்மனென்ட் உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி பாயசம் இல்லாத குறையாகக் கொண்டாடினாள். "என் தம்பிக்காக நீங்க இவ்வளவு பெரிய பொய் சொல்வீங்கன்னு நான் கனவுலகூட நினைக்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மச்சினன் வெகுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தில் வந்து, அக்காவுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டான்.

"எல்லாரும் சொல்றதைக் கேட்டு எனக்கே சந்தேகமா இருக்கு அத்தான். அன்னைக்கு நான் நிஜமா பந்து போட்டேனா?"

அறிக்கை வாயைத் திறந்தார். அன்று காலை மாதிரி இன்னும் தற்காலிக ஊழியராகவே இருந்திருந்தால் பதில் சட்டென்று வந்திருக்கும்.

"எழுதிக் கொடு" என்றார். "விசாரிச்சுட்டுச் சொல்றோம்."